டூர் டி பிரான்ஸ் நேரலைச் சந்தா: கச்சான் காற்றடிக்கும் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

2025-ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியைப் பார்ப்பதற்கென்றே ஓர் இணைய ஒளிபரப்புச் செயலியின் மாதச் சந்தாவை வாங்கினேன். ஜூலை 5 அன்று லீல் நகரில் தொடங்கி, நாளுக்கொரு கட்டமாக 21 கட்டங்கள் ஓடி, ஜூலை 27 அன்று பாரிஸில் முடிந்த அந்தப் போட்டியை ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும், வெளியூர் போன நாட்களில் கைப்பேசியிலும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் கிளம்பும் இடத்திலிருந்து இறுதிக்கோடு வரை வெட்டாமல் காட்டுவது இந்தச் செயலியின் பெரிய பலம். அந்த நீண்ட ஒளிபரப்பில் எந்த நேரத்தில் விளம்பரம் போடக் கூடாது என்பது தெரியாதது அதன் பெரிய பலவீனம்.

நேரம் நமக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. கோடையில் பிரான்சைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னே இருப்பதால், அங்கே மதியம் ஒரு மணியை ஒட்டிக் கிளம்பும் கட்டம் இங்கே மாலை நாலரைக்குத் தொடங்கி, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடுகிறது.

முதல் கட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தாவின் மதிப்பும் குறையும் அன்றே தெரிந்துவிட்டன. லீல் நகரைச் சுற்றிய சுமார் 185 கிலோமீட்டர் பாதையில் பெரிய மலை எதுவும் கிடையாது. இறுதிக்கோட்டு ஓட்டத்தை மட்டும் காட்டும் தொகுப்பைப் பார்த்தவர்களுக்கு யாஸ்பர் பிலிப்சன் வென்றார் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது. உண்மையில் அன்றைய வினையைச் செய்தது பக்கவாட்டுக் காற்று. எதிர்க்காற்றில் முன்னே செல்பவருக்கு நேர் பின்னால் ஒண்டிக்கொள்ளலாம். காற்று பக்கத்திலிருந்து வீசும்போது அந்த மறைவு சாய்வாக விலகிவிடுவதால், வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்ந்த வரிசையில் விரிகிறார்கள். சாலையின் அகலத்தில் எத்தனை பேர் அடங்குகிறார்களோ அத்தனை பேருக்குத்தான் மறைவு கிடைக்கும், மீதிப் பேர் ஓரத்தில் ஒற்றை வரிசையாகக் காற்றை முழுதாக வாங்கிக்கொண்டு, நடுவில் ஒருவர் தளர்ந்ததும் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் மொத்தமாக அறுந்து போவார்கள். தனுஷ்கோடியைத் தாண்டிப் போகும், 2017-இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் ஆடி மாதத்துக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது. வலப்புறம் மன்னார் வளைகுடாவிலிருந்து வரும் காற்று மணலையும் வாரி முழங்காலில் அடிக்கும் அந்தச் சாலையில், உடன் வருபவரின் இடப்புறம் சற்றுப் பின்தள்ளி ஒதுங்கினால்தான் நிம்மதியாக மூச்சு விட முடியும்.

கடைசி 20 கிலோமீட்டருக்குள் விங்கேகோரின் விஸ்மா அணி வேகத்தைக் கூட்டியபோது கூட்டம் அறுந்தது. பட்டத்தை வெல்லக்கூடியவர்களில் தாதேய் போகாச்சரும் யோனாஸ் விங்கேகோரும் முன்னே தப்பினார்கள். ரெம்கோ எவனபூலும் பிரிமோஷ் ரோக்லிச்சும் பின்னே மாட்டி 39 வினாடிகளை இழந்தார்கள். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கே மஞ்சள் ஜெர்சி என்பதால் இது சின்ன இழப்பாகாது. 1989-இல் கிரெக் லெமாண்ட் முழுப் போட்டியையும் வென்றது வெறும் 8 வினாடி வித்தியாசத்தில்தான். அந்தப் பிளவு உருவாகும் நேரத்தில் செயலி ஒரு குளிர்பான விளம்பரத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது திரையில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. பாம்பனில் நாட்டுப்படகு ஓட்டிய என் மாமனார், வீரர்களில் ஒருவர் பெயரும் தெரியாதவர், விளம்பரம் வருவதற்குச் சற்று முன்பே, "மாப்பிள்ளை, கொடியப் பாருங்க, காத்து பக்கவாட்டுல திரும்பிருச்சு" என்று சொல்லியிருந்தார். கட்டணம் வாங்கிய பிறகும் விளம்பரம் போடுவதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் போட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

படத்தின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. மோட்டார் சைக்கிளிலும் ஹெலிகாப்டரிலும் இருக்கும் கேமராக்களின் படம், மேலே பறக்கும் விமானம் வழியாகத் தரைக்கு வருகிறது. மோசமான வானிலையில் படம் உறைந்து நின்றால் அதற்குச் செயலியைக் குறை சொல்வது நியாயமாகாது. கைப்பேசியில் பார்ப்பதுதான் சிக்கல். சிக்னல் குறைந்ததும் செயலி தானாகவே தரத்தைக் குறைத்துவிடுவதால், ஜெர்சி எண்களும் திரையின் மூலையில் வரும் இடைவெளி நேரமும் வாசிக்க முடியாத அளவுக்கு மங்கிப் போகின்றன. இருக்கைக்கு அடியில் பொருத்திய கருவிகளால் 2015 முதல் ஒவ்வொரு வீரரின் இருப்பிடமும் வேகமும் நேரலையில் கிடைக்கின்றன. அதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் காட்டி என்ன பயன்?

வர்ணனை ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு. கிரிக்கெட்டுக்குத் தமிழ் வர்ணனை கொடுக்க முடிகிற நாட்டில், நாள் கட்டம் முடியும் வேளையில் ஒரு மணி நேரமாவது தமிழில் பேசக்கூடிய ஒருவரை அமர்த்துவது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு எரிச்சல், மறுஒளிபரப்பின் முகப்புப் படத்திலேயே கையைத் தூக்கி நிற்கும் வெற்றியாளரைப் போட்டுவிடுவது. வேலை முடிந்து வந்து பார்க்கலாம் என்று நினைப்பவர் செயலியைத் திறந்ததுமே முடிவைத் தெரிந்துகொள்கிறார்.

மாறாக, கடைசி நாளை மிக நன்றாகவே நடத்தினார்கள். வழக்கமாக ஊர்வலம் போலப் போய் வேக ஓட்டத்தில் முடியும் பாரிஸ் கட்டத்தில் இம்முறை மோன்மார்த்ர் குன்றின் ஏற்றத்தை மூன்று தடவை சேர்த்திருந்தார்கள். மழையால் கற்சாலை வழுக்கியதால், மொத்த நேரத்துக்கான கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, கட்ட வெற்றிக்கு மட்டும் போட்டியிட விட்டார்கள். இந்த விதியை வர்ணனையாளர்கள் பொறுமையாக விளக்கினார்கள், விளம்பரமும் குறுக்கே வரவில்லை. நமக்கு இரவு பதினொரு மணியை ஒட்டி வவுட் வான் ஆர்ட் தனியாக வந்து வென்றதை இடையூறின்றிப் பார்க்க முடிந்தது. விங்கேகோரைவிட 4 நிமிடம் 24 வினாடி முன்னிலையில் போகாச்சர் நான்காவது முறையாகப் பட்டம் பெற்றார்.

மாதக் கட்டணம், ராமேசுவரத்தில் இரண்டு பேர் மீன்சாப்பாடு சாப்பிடும் தொகைக்குள் அடங்குகிறது. ஆண்டுச் சந்தா தேவையில்லை. போட்டி தொடங்கும் நாளில் வாங்கினால், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 3 வரை நடந்த பெண்களுக்கான 9 கட்டப் போட்டியையும் அதே பணத்தில் பார்த்துவிடலாம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைப் பணம் கட்டிய அன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் பொத்தானை அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.