கார் தளத்துக்கு கான்கிரீட் ஸ்டெயின்: சாயத்துக்கு முழு மார்க், சீலருக்கு இல்லை

மரச்சாமான்களுக்குச் சாயம் ஏற்றி பாலிஷ் போடுவது என் தொழில். அதனால் கான்கிரீட்டுக்கும் நாமே சாயம் ஏற்றலாம் என்று பெட்டி போட்டு விற்பதைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். வாசலிலிருந்து தெரு வரைக்கும் கார் ஏறி இறங்கும் தளம் முழுவதற்கும் போட்டாயிற்று. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதன்மேல் போன பிறகுதான் எழுதுகிறேன். போட்ட மறுநாள் எல்லாத் தளமும் அழகாகத்தான் இருக்கும்.

பெட்டிக்குள் நான்கு கேன்கள்: தளத்தின் மேல்பரப்பை லேசாக அரித்துச் சொரசொரப்பாக்கும் அமிலமான எட்ச்சிங் கரைசல், பழுப்பு நிற ஆசிட் ஸ்டெயின், ஓரப்பட்டைக்கு என்று கரி நிறத்தில் வாட்டர் பேஸ் ஸ்டெயின், கடைசியில் சாயத்தின்மேல் காப்புப் பூச்சாக அடிக்கும் அக்ரிலிக் சீலர். கூட ஒரு செய்முறைத் தாள்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அதை அப்படியே பின்பற்றுபவரின் தளம் வெளிறிப்போகும். தளம் முழுக்க எட்ச்சிங் கரைசலை ஊற்றித் தேய்த்துக் கழுவு, பிறகு ஆசிட் ஸ்டெயினை அடி என்கிறது தாள். ஆசிட் ஸ்டெயின் பெயிண்ட் போல மேலே உட்கார்வதில்லை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களின் உப்பைக் கரைத்த கரைசல். சிமெண்ட் இறுகும்போது கான்கிரீட்டுக்குள் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, மிச்சம் நிற்கிறது. அந்தச் சுண்ணாம்போடு உலோக உப்பு வினை செய்துதான் நிறம் பிறக்கிறது. முன்கூட்டியே எட்ச்சிங் அமிலத்தை ஊற்றினால் மேல்மட்டத்துச் சுண்ணாம்பை அது தின்றுவிடும். பிறகு வரும் ஸ்டெயினுக்கு வேலை செய்ய என்ன இருக்கும்?

தாள் சொல்வதில் எனக்குச் சந்தேகம் இருந்ததால், காரின் நிழலிலேயே எப்போதும் கிடக்கும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் எட்ச்சிங் கரைசல், இன்னொரு பாதியில் வெறும் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும். காய்ந்த பிறகு இரண்டிலும் ஒரே அளவு ஸ்டெயின் அடித்தேன். கழுவிப் பார்த்தபோது எட்ச்சிங் செய்த பாதி வெளிறிய மண் நிறத்தில், நடுநடுவே ஒன்றுமே ஏறாத திட்டுகளோடு நின்றது. பிரஷ் மட்டும் போட்ட பாதியில் நல்ல ஈட்டி மரத்துப் பழுப்பு. கருப்பு இழைகள் அதற்குள் ஓடின. டேப் ஒட்டியிருந்த கோட்டை இன்றைக்கும் காட்ட முடியும். பெட்டியை விற்பவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்திருந்தால் தாளை மாற்றி அச்சடித்திருப்பார்கள்.

அதற்காக எட்ச்சிங் கரைசல் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கான இடம் வாட்டர் பேஸ் ஸ்டெயினுக்கு முன்னால். அந்த ஸ்டெயினில் இருப்பது மிக நுண்ணிய நிறமித் துகள். வினை எதுவும் கிடையாது, துளைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்வதோடு சரி. மட்டக்கரண்டி போட்டு வழவழவென்று இழைத்த தளத்தில் சிமெண்ட் பால் காய்ந்து ஒரு ஏடு படிந்திருக்கும், அதை எடுக்காமல் இந்தச் சாயம் இறங்காது. என் தளத்தில் நடுப்பகுதி துடைப்பத்தால் கோடு இழுத்த சொரசொரப்பு, இரண்டு ஓரமும் வழவழப்பு. ஆகவே ஓரங்களுக்கு மட்டும் எட்ச்சிங் கரைசலைப் பயன்படுத்தினேன். ஊற்றியதும் சிறுநுரை பொங்கி ஸ்ஸென்று சத்தம் வர வேண்டும். நுரையே வராத இடத்தில் எண்ணெயோ பழைய சீலரோ இருக்கிறது என்று அர்த்தம். கழுவிக் காய்ந்த பிறகு விரலை ஓட்டினால் 120, 150 நம்பர் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அப்படியே வந்தது. கரைசலின் வீரியம் சரியாக இருக்கிறது, அந்த மட்டில் குறையில்லை.

அமிலத்தைக் கையாள்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் அமிலம். மாற்றி ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். பாசி போக பிளீச் போட்டுக் கழுவிய தளமாக இருந்தால் அது சுத்தமாகப் போகும் வரை அலசிவிட்டுத்தான் அமிலத்தைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கையுறை, கண்ணாடி, அமில ஆவிக்கான முகமூடி மூன்றும் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள். பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை, அட்டையில் ஒரு சின்னப் படம்தான் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பெட்டியில் ஒரு ஜோடி கையுறைக்கா இடமில்லை? என் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் வீட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன், ஏனென்றால் இந்த ஆவி பட்டாலே இரும்பு துரு ஏறும். ஓரத்துச் செடிகளை நன்றாக நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்தினோம். ஒரு செடியும் கருகவில்லை.

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதி, அதைப் பெட்டி எங்கேயும் சொல்வதில்லை. தளத்தில் அங்கங்கே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் உறிஞ்சி இருண்டால் சாயம் ஏறும். முத்து முத்தாக நின்றால் ஏறாது. கார் நிற்கும் இடத்தில் என்ஜின் ஆயில் சொட்டிய கறையைத் தளர்த்த டீகிரீசர் ஊற்றி, ஊறவிட்டு, தேய்த்து, மறுபடி ஊற்றி, அந்த ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தளத்தின் மற்ற பகுதி முழுவதற்கும் ஆன அளவு பாடுபட்டோம். அப்படியும் லேசான ஒரு வளையம் சாயத்துக்கு அடியில் தெரிகிறது. சாயம் ஒளி ஊடுருவும் பொருள், எதையும் மறைக்காது. வெடிப்பை அடைத்த ஒட்டுச் சிமெண்ட் வேறு நிறத்தில்தான் வாங்கும், பழைய பெயிண்ட் துளி துளியாகவே நிற்கும். மரத்தில் முடிச்சும் ரேகையும் சாயத்துக்குப் பிறகு இன்னும் எடுப்பாகத் தெரிவது எனக்குப் பழக்கமான விஷயம். கான்கிரீட்டிலும் அதேதான். அதை அழகாகப் பார்ப்பவர்களுக்கே இந்தச் சரக்கு. சுவர் மாதிரி ஒரே சீரான நிறம் வேண்டும் என்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

இனி ஆசிட் ஸ்டெயின். தங்கை ஸ்பிரேயர் பிடித்தாள், நான் பிரஷ் பிடித்தேன். ஸ்பிரேயர் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உலோக நுனி இருந்தால் அமிலம் அதை அரித்து அந்தத் துருவையும் தளத்தில் தெளித்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்தோம். சூடான தளத்தில் கரைசல் வினை செய்வதற்கு முன்னாலேயே காய்ந்துவிடும். தெளித்த கையோடு வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டால் துளி விழுந்த புள்ளி தெரியாது. ஈரமான ஓரம் காய்வதற்குள் அடுத்த கை சேர வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் கோடு விழும். இது பாலிஷ் வேலையிலும் உண்டு, எனக்குச் சிரமமாக இல்லை. முதல் தடவை செய்பவர்கள் தளத்தின் இணைப்புக் கோடுகளை எல்லையாக வைத்து ஒவ்வொரு கட்டமாக முடிப்பது நல்லது.

அன்று மாலை தளத்தைப் பார்த்த தங்கை, "என்ன அண்ணா, துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஆயிடுச்சே?" என்றாள். இந்தக் கட்டத்தில் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். மேலே பச்சையும் மஞ்சளுமாக ஒரு பொடி படிந்து, தொட்டால் கையில் ஒட்டும். அது நிறமில்லை, வினை முடிந்த கழிவு. இரவு முழுக்க விட்டு, காலையில் ஆப்பசோடா கரைத்த தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். அமிலம் மிச்சம் இருந்தால் நுரைக்கும், நுரை அடங்கும் வரை ஊற்ற வேண்டும். பிறகு அலசல், மறுபடி அலசல். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் நிறம் ஒட்டக் கூடாது. அலசிய தண்ணீரில் உலோக உப்புகள் இருப்பதால் மழைநீர்க் கால்வாயில் விடவில்லை. வாட்டத்தின் கீழ்முனையில் மண்ணால் சிறு அணை கட்டி, தேங்கியதை ஈரம் உறிஞ்சும் வாக்குவமால் எடுத்தோம்.

பொடி போன பிறகு, ஈரம் மினுங்கும்போது தெரிந்தது பாருங்கள், அதுதான் இந்தச் சாயத்தின் உண்மையான நிறம். துடைப்பக் கோட்டின் பள்ளத்தில் கருப்பும் மேட்டில் தேன் பழுப்புமாக, ஒரு சாண் இடத்தில்கூட இன்னொரு சாணைப் போல இல்லை. பெயிண்ட்டால் இதைக் கொண்டுவரவே முடியாது. கான்கிரீட்டோடு ஒன்றாகிவிட்ட கனிம நிறம் என்பதால் வெயிலில் வெளுக்கவும் இல்லை, உரியவும் இல்லை. இந்த கேனுக்கு முழு மார்க்.

அளவில் மட்டும் கவனம். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் வரும் என்று அட்டையில் இருக்கிறது. வழவழப்பான தளத்தில் ஒரு கைக்கு அது சரி. சொரசொரப்பான தளத்தில் 5 சதுர மீட்டர் வந்தாலே நல்லது, இரண்டு கை அடித்தால் அதிலும் பாதி. குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காமல் ஒரே பேட்ச் நம்பரில் மொத்தமாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். புதிதாகப் போட்ட தளமென்றால் 28 நாள் கழித்துத்தான் தொட வேண்டும். ரொம்பப் பழைய, மழையில் அடிபட்ட தளத்தில் சுண்ணாம்பு குறைந்திருக்கும், நிறம் மெல்லியதாகவே வரும்.

ஓரப்பட்டையைப் பிரிக்க நூல் பிடித்து, டைமண்ட் பிளேடு போட்ட கிரைண்டரால் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கிழித்தேன். இது பெட்டியில் இல்லாத வேலை, ஆனால் இதனால்தான் தளம் கல் பதித்த மாதிரி ஒரு கட்டுக்கோப்புக்கு வந்தது. பழுப்பும் கரி நிறமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடாமல் அந்தப் பள்ளம் தடுக்கிறது. கோடு கிழித்தபின் சாயம், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சாயத்துக்குப் பின் கிழித்தால் பள்ளம் வெள்ளையாக நிற்கும். கிழிக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு, தண்ணீர் விட்டுக்கொண்டே கிழிப்பதுதான் சரி. கரி நிற வாட்டர் பேஸ் ஸ்டெயினைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சீராக இறங்கியது, சீராக இருக்கிறது, ஆசிட் ஸ்டெயினின் உயிர்ப்பு அதில் இல்லை.

சீலர்தான் பெரிய ஏமாற்றம். அக்ரிலிக் சீலர் மேலே ஒரு படலமாக உட்காரும். நிறத்தைத் தூக்கிக் காட்டும், பளபளக்கும். நடைபாதைக்கும் முற்றத்துக்கும் அது போதும். ஓடிவந்து சூடான டயர் அதன்மேல் நின்றால், டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர், அதாவது ரப்பரை இளக்கமாக வைக்கும் பொருள், படலத்தையும் இளக்கிவிடும், வண்டியை எடுக்கும்போது படலமும் கூடவே பிய்ந்து வரும். அந்தச் சோதனை மூலையில் சீலரை அடித்து, நன்றாகக் காய்ந்து பல நாள் ஆன பிறகு முன்சக்கரத்தை அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன். டயரின் பட்டை அப்படியே அச்சாக விழுந்தது, ஓரிடத்தில் உரிந்தும் வந்தது. கார் தளத்துக்கு என்று அட்டையில் படம் போட்டு விற்கும் பெட்டியில் இந்தச் சீலரை வைத்தது நியாயமே இல்லை. மழையில் வழுக்காமலிருக்க அதில் கலக்க வேண்டிய சொரசொரப்புத் தூளையும் அவர்கள் கொடுக்கவில்லை. என் வாசலைப் போல வாட்டம் கூடிய இடத்தில் அது ஆபத்து.

அதனால் தளம் முழுவதற்கும் சிலேன் சிலாக்சேன் வகைச் சீலரைத் தனியாக வாங்கி அடித்தேன். அது உள்ளே இறங்கி நீரைத் தள்ளும், மேலே படலம் கிடையாது, எனவே டயரோடு உரிய ஒன்றுமில்லை. பளபளப்பு வராது, ஈரத்தில் பார்த்த அந்த ஆழமான நிறம் காய்ந்தால் ஒரு படி இறங்கும். எனக்கு அந்த மங்கலே பிடித்திருக்கிறது. மரத்திலும் நான் வார்னிஷைவிட எண்ணெய்ப் பூச்சையே விரும்புகிறவன். எந்தச் சீலரானாலும் அடிப்பதற்கு முன்னால் 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தளத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. அக்ரிலிக் என்றால் அந்த ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

இதே பெட்டி நீலப்பச்சை நிறத்திலும் வருகிறது. எங்கள் தளத்தைப் பார்த்தவர்களில் சிலர் அதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அந்த நிறம் தாமிர உப்பிலிருந்து வருவது. ஈரம் ஏறி இறங்கும் திறந்தவெளியில், மேலே காற்றுப் புகாத படலமும் போட்டுவிட்டால், அது கருத்துப்போகக் கூடியது. கூரைக்குக் கீழே என்றால் தாராளமாக வாங்கலாம், கார் தளத்துக்குப் பழுப்பையோ கருப்பையோ எடுங்கள். பெட்டியாகவும் வாங்க வேண்டாம். அதே ஆசிட் ஸ்டெயின் தனி கேனாகக் கிடைக்கிறது. அதோடு ஒரு நல்ல சிலாக்சேன் சீலரும், ஒரு பெரிய பொட்டலம் ஆப்பசோடாவும் போதும்.