ஜியோகேச்சிங் ஆப்: இலவசமே போதுமா, பிரீமியம் வாங்கலாமா?

சந்தா கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இலவசக் கணக்கைத் திறந்து, உங்கள் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் வரைபடத்தில் எத்தனை கேச்கள் (தேடி எடுப்பதற்காக ஒளித்துவைத்த டப்பாக்கள்) தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நூறைத் தாண்டினால் பிரீமியம் பயன்படும். பத்துகூடத் தேறவில்லை என்றால் அந்தக் காசில் ஒரு டார்ச்சும் பவர் பேங்கும் வாங்குவது மேல். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு முதல் விடை பொருந்தும். தமிழ்நாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு: ஒருவர் டப்பாவுக்குள் பதிவுத்தாள் ஒன்றைப் போட்டு எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் ஏற்றுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே முதல் கேச்சாக ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் 75 கேச்களோடு ஜியோகேச்சிங் தளத்தைத் தொடங்கினார். கேச்களின் எண்ணிக்கை 2010-ல் பத்து லட்சம், 2013-ல் இருபது லட்சம், 2017-ல் முப்பது லட்சம் என வளர்ந்தது. முன்பு இதற்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டியிருந்தது. அது எல்லோர் சட்டைப்பைக்கும் போனாக வந்து சேர்ந்ததுதான் இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம்.

சியாட்டிலில் உள்ள கிரவுண்ட்ஸ்பீக் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஆப்பைத்தான் இங்கே பார்க்கிறோம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. தமிழ் இடைமுகம் இல்லை, ஆனால் தேடியவர்கள் ஆப்பில் போடும் பதிவுகளைத் தமிழில் எழுதலாம்.

வரைபடத்தில் பச்சைக் குறி ட்ரடிஷனல் கேச்: குறி எங்கேயோ டப்பாவும் அங்கே. ஆரஞ்சு மல்டி: முதல் இடத்தில் கிடைக்கும் துப்பு அடுத்த இடத்துக்கு அனுப்பும். நீலக் கேள்விக்குறி மிஸ்டரி. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த நீலக் குறியிடம்தான். அது நிற்கும் இடத்தில் போய்த் தேடினால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. புதிரை வீட்டிலேயே உட்கார்ந்து விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். அந்த இடம் பெரும்பாலும் குறியிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றுக்குள் இருக்கும்.

ஒவ்வொரு கேச்சுக்கும் இரண்டு மதிப்பெண், 1 முதல் 5 வரை, அரை அரையாக. முதலாவது கண்டுபிடிக்கும் கடினம், இரண்டாவது போய்ச் சேரும் பாதையின் கடினம். பாதை 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். பாதை 5 என்றால் கயிறு, படகு போன்ற ஏதாவது சாதனம் வேண்டும். முதல் முயற்சிக்கு இரண்டுமே 1.5-க்கு மேல் போகாத ட்ரடிஷனலாகப் பாருங்கள். அளவு ‘ஸ்மால்’ அல்லது ‘ரெகுலர்’ என்று இருக்கட்டும். ஸ்மால் என்றால் 100 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை, ரெகுலர் அதற்கு மேல் 20 லிட்டர் வரை. 100 மில்லிக்குக் கீழே மைக்ரோ. அதிலும் விரல்நுனி அளவேயான நானோவைத் தொடக்கத்திலேயே எடுத்தால் வெறுத்துப்போகும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணைவிடக் கடைசிப் பதிவுகள். சென்ற மாதம் யாராவது கண்டுபிடித்திருந்தால் தைரியமாகப் போகலாம். கடைசி நான்கைந்து பதிவுகளும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் டப்பா தொலைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய கேச்கள் வரைபடத்தில் அப்படியே நிற்பதால், கேச் குறைவான ஊர்களில் இந்த ஒரு சோதனையே அரை நாளை மிச்சப்படுத்தும்.

கடைசிப் பத்து மீட்டர்

ஆப்பின் நல்லதும் கெட்டதும் இங்கேதான் தெரியும். திறந்த வெளியில் நல்ல போன் மூன்று முதல் ஐந்து மீட்டர் துல்லியம் தரும். டப்பாவை வைத்தவரின் போனிலும் அதே அளவு பிழை இருந்திருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் பத்து மீட்டர் தள்ளி நிற்பீர்கள். அடர்ந்த மரநிழலில் இது இன்னும் கூடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால், நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே புள்ளி தெருவைத் தாண்டிக் குதிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆப் காட்டும் அம்புக்குறியை விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். டப்பா எந்தக் கம்பத்தருகே, எந்தச் சுவரோரம் என்பது அதில் ஓரளவு தெரியும்.

பத்து மீட்டருக்குள் வந்ததும் நில்லுங்கள். போனை அசைக்காமல் அரை நிமிடம் பிடித்திருந்தால் அளவு அடங்கும். பிறகு மூன்று வெவ்வேறு பக்கங்களிலிருந்து மெதுவாக நடந்து வந்து, அம்புகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். அதற்குப் பின் போனைப் பையில் போட்டுவிட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு வட்டமடிப்பவர் கண்ணுக்கு டப்பா தென்படாது. இயற்கையாக விழாத சுள்ளிக் குவியல், அடுக்கினாற்போல் நிற்கும் கல், வேர் இடுக்கு, இரும்புக் கைப்பிடியின் அடிப்பக்கம், ஒன்றையும் தாங்காத ஒரு போல்ட்டு என்று தேடுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் காந்தம் ஒட்டும் இடம். டப்பாவை வைத்தவர் தந்திருக்கும் துப்பைக் கடைசியில் திறக்கலாம். தளத்தில் அது எழுத்துகளை 13 இடம் நகர்த்திய சங்கேதமாகத் தெரியும், ஆப்பில் தொட்டாலே விரிந்துவிடும்.

அம்பு பின்பக்கம் காட்டுகிறதா? போன் உறையைக் கழற்றுங்கள். மூடியில் காந்தம் வைத்த உறைகள் திசைகாட்டியைக் குழப்பிவிடும். உறை இல்லாமலும் தப்பு காட்டினால் போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்யலாம்.

இன்னொரு பிழை வீட்டிலேயே நடக்கும். ஜியோகேச்சிங் தரும் எண்கள் பாகையும் தசம நிமிடமுமாக இருக்கும். ‘வடக்கு 13° 02.345’ என்பதை வேறொரு வரைபட ஆப்பில் 13.02345 என்று அடித்தால் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பாகையோடு சேர்க்க வேண்டும்: 13.03908. கடைசி இலக்கம் ஒன்று மாறினால், அதாவது 0.001 நிமிடத்துக்கு, வடக்குத் தெற்காக 1.85 மீட்டர். மிஸ்டரிக்கு விடை கண்டவர்கள் ஆற்றுக்கு நடுவே போய் நிற்பதற்கு இந்த வடிவக் குழப்பம்தான் பெரும்பாலும் காரணம்.

காசு கட்டினால் என்ன மாறும்?

இலவசக் கணக்கில் எளிதான ட்ரடிஷனல்கள் திறக்கும். மற்றவற்றில் பல வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும். அந்தச் சாம்பல் புள்ளிகள் ஆசை காட்டத்தான் அங்கே நிற்கின்றன. பிரீமியம் கட்டினால் எல்லா வகையும் திறக்கும். சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று வைத்தவர் குறித்த கேச்களும் தெரியும். இணையம் இல்லாத இடத்துக்குப் பட்டியலை இறக்கி எடுத்துப் போகலாம். அளவு, மதிப்பெண், வகை வாரியாக வடிகட்டலாம். பாக்கெட் குவெரி என்ற வசதியில் ஒரே கோப்பில் ஆயிரம் கேச்கள் வரை இறக்கித் தனி ஜிபிஎஸ் கருவியில் ஏற்றலாம். பத்துக் கேச் கண்டால் ஒரு ஃபேவரிட் புள்ளி சேரும். பிடித்த கேச்சுக்கு அதைத் தரலாம்.

எங்கள் கணக்கில் இவற்றில் மதிப்புள்ளவை இரண்டு: இணையமில்லாப் பட்டியலும் வடிகட்டியும். ஃபேவரிட் புள்ளியும் மறைமுகமாக உதவும். கேச்கள் நெருக்கமாக இருக்கும் ஊரில் நூறு புள்ளி வாங்கிய ஒன்றைத் தேடிப் போவதற்கும், யாரோ விளக்குக்கம்பத்தில் கடமைக்கு ஒட்டிய மைக்ரோவைத் தேடிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மாதாமாதம் கட்டுவதைவிட ஆண்டுச் சந்தா மலிவு. ஐரோப்பாவுக்கோ சிங்கப்பூருக்கோ பத்து நாள் போகிறவர்கள் ஒரு மாதம் மட்டும் கட்டிவிட்டு, திரும்பியதும் ப்ளே ஸ்டோரில் அல்லது ஆப் ஸ்டோரில் சந்தாவை நிறுத்திவிடலாம். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

மாற்று வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் சி:ஜியோ. இலவசம், திறமூலம், விளம்பரம் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடங்களை இறக்கிவைத்து இணையம் இல்லாமல் ஓட்டலாம். கேச் விவரங்களையும் போனிலேயே சேமிக்கும். முகப்பு கொஞ்சம் கரடுமுரடு. அதிகாரபூர்வத் தொடர்பு இல்லாத ஆப் என்பதால், தளத்தில் ஏதாவது மாறினால் சில நாள் முரண்டு பிடிக்கும். ஐபோன்காரர்களுக்கு கேச்லி இருக்கிறது, அது கட்டண ஆப். தனிக் கருவி வேண்டும் என்பவர்களுக்கு கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. போன் இருக்கும்போது இது அவசியமா என்றால், காட்டில் முழுநாள் நடப்பவர்களுக்கு மட்டும். ஒரு எச்சரிக்கை: இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. சிக்னலைப் பெற மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவி வேறு, அனுப்பவும் செய்யும் இது வேறு. வாங்கும்போது பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

அட்வென்ச்சர் லேப் என்று இதே நிறுவனத்தின் இன்னொரு இலவச ஆப் இருக்கிறது. டப்பாவே கிடையாது. பெரும்பாலும் ஐந்து இடங்கள். குறித்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கேள்வி திறக்கும். கல்வெட்டில் உள்ள ஆண்டு, தூண்களின் எண்ணிக்கை என்று நேரில் பார்த்துச் சொல்லும் விடையாக இருக்கும். ஒவ்வொரு இடமும் ஒரு கேச்சாகக் கணக்கில் சேரும். காவலர் கேள்வி கேட்கும் இடங்களிலும் குழந்தைகளோடு போகும்போதும் டப்பா தேடுவதைவிட இதுதான் நிம்மதி.

பையில் என்ன இருக்க வேண்டும்?

பேனா இரண்டு, ஏனெனில் ஈரத்தாளில் ஒன்று எழுதாது. நானோவிலிருந்து தாளை உருவ இடுக்கி. வேர்ப்பொந்துக்கும் கல் இடுக்குக்கும் டார்ச். ஒரு குச்சி. தமிழ்நாட்டில் கல் இடுக்கில் வெறுங்கையை விடவே கூடாது. கட்டுவிரியனுக்கும் கண்ணாடி விரியனுக்கும் அதுதான் வீடு. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, ஏனெனில் திரையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து ஓடினால் போன் மதியத்துக்குள் படுத்துவிடும்.

டப்பாவில் வேறு பொருள் இருந்தால், ஒன்றை எடுத்தால் அதற்குக் குறையாத மதிப்பில் ஒன்றை வையுங்கள். தின்பண்டம் கூடாது, எறும்பும் எலியும் டப்பாவையே தின்றுவிடும். எண் பொறித்த தகடு தொங்கும் பொருள் டிராவல் பக். அது பரிமாறிக்கொள்வதற்கல்ல, வேறொரு கேச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. அதன் எண்ணைப் படமெடுத்துப் பொதுவில் போடாதீர்கள், தொடாதவர்களெல்லாம் தொட்டதாகப் பதிவு போடுவார்கள்.

நீங்களே ஒளித்துவைப்பதானால்

டப்பாவின் தரம்தான் பாதி வெற்றி. பழைய ஃபிலிம் டப்பா மலிவு, ஆனால் மூடி முழுக்க அடைக்காது. ஒரே மழைக்காலத்தில் தாள் கூழாகிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதப்படும் முன் இருக்கும் ப்ரீஃபார்ம் குழாய் மைக்ரோவுக்கு மிக நல்லது: தடித்த சுவர், திருகு மூடி. பெரிய அளவுக்கு நான்கு பக்கமும் பூட்டும், ரப்பர் வளையம் வைத்த சாப்பாட்டு டப்பா போதும். தாளைத் தனியாக ஜிப் உறையில் போடுங்கள். கறுப்பு டேப் சுற்றிய குழாய் வேண்டவே வேண்டாம். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு கேச்சை வெடிகுண்டு என்று நினைத்து நிபுணர்கள் வெடிக்கவைத்தார்கள். ஒளி ஊடுருவும் டப்பா, வெளியே ‘விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஸ்டிக்கர், இடத்துக்காரரிடம் முன் அனுமதி, இந்த மூன்றும் வேண்டும். ரயில்பாதை, பள்ளிக்கூடம், ராணுவ இடம் பக்கம் போகாதீர்கள். இடத்துக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குழி தோண்டிப் புதைக்க விதியே இடம் தராது. தொல்லியல் துறைச் சின்னங்களில் கல்லிடுக்கில் செருகுவதும் வேண்டாம்.

இன்னொரு கேச்சின் டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சென்னையில் இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, சிங்கப்பூரில் ஆகும். அங்கே பக்கத்தில் இருக்கும் மல்டியின் இறுதி இடம் உங்களுக்குத் தெரியாததால், விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் இரண்டும் நெருங்கி இடிப்பதே தெரியவரும். பதிவு செய்ததும் தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் பார்த்த பிறகே கேச் வெளியாகும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, சொந்த ஊர்க் கண்மாய்க் கரையில் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு அங்கேதான் தடங்கல்: பராமரிக்க ஆள் இல்லாத விடுமுறை கேச் ஏற்கப்படாது. ஊரில் இருக்கும் தம்பியோ சித்தப்பாவோ ஒத்துக்கொண்டால், அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, ஈரமான தாளை மாற்றுவதும் தொலைந்த டப்பாவுக்குப் புதிது வைப்பதும் அவர் பொறுப்பு என்று விண்ணப்பக் குறிப்பில் எழுதுங்கள். மாற்றுத்தாள் ஐந்தாறையும் இன்னொரு டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.