எந்த மீனோடு எந்தப் பவளம்? ரீஃப் தொட்டிக்கு ஓர் ஒப்பீடு

பவளமும் மீனும் சேர்ந்து வளரும் கடல்நீர்த் தொட்டியில், அதாவது ரீஃப் தொட்டியில், ஒரு மீனை விட ஒரு நிமிடம் போதும். அதையே திரும்பப் பிடிக்க எனக்கு ஒருமுறை முழு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை வாளிகளுக்கு மாற்றி, பாறையோடு ஒட்டி வளர்ந்திருந்த இரண்டு பவளங்களை உடைத்த பிறகுதான் அந்த விரல் நீள மீன் வலைக்குள் வந்தது. அன்றிலிருந்து 'இதுவா அதுவா' என்ற கேள்வி வரும்போதெல்லாம் நிறத்தையும் அழகையும் பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஒத்துவராமல் போனால் திரும்ப எடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். கீழே உள்ள ஒப்பீடுகள் எல்லாமே அந்த ஒரு கேள்வியை வைத்துச் செய்தவை.

சாஃப்ட், எல்.பி.எஸ்., எஸ்.பி.எஸ்.

பலரும் மீனை முதலில் முடிவு செய்கிறார்கள். பவளத்தை முதலில் முடிவு செய்வதே நல்லது. எந்த மீன் ஆகும், எது ஆகாது என்பதைப் பவளமே பாதி சொல்லிவிடும்.

சாஃப்ட் வகையில் லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ் போன்றவை வரும். இவற்றுக்குக் கல் போன்ற எலும்புக்கூடு கிடையாது. ஒளியை அளக்கும் பார் மீட்டரில் 50 முதல் 100 வரை வெளிச்சம் இருந்தால் போதும், நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். எல்.பி.எஸ். (லார்ஜ் பாலிப் ஸ்டோனி) என்பவை ஹேமர், டார்ச், டங்கன் போலப் பெரிய பாலிப்களும், அதாவது பவளத்தின் பூப்போன்ற சதை உடல்களும், கடினமான எலும்புக்கூடும் கொண்டவை. எஸ்.பி.எஸ். (ஸ்மால் பாலிப் ஸ்டோனி) என்ற சின்ன பாலிப் வகையில் அக்ரோபோரா, மான்டிபோரா போன்றவை அடங்கும். அக்ரோபோராவுக்குப் பார் 200 முதல் 350 வரை வேண்டும். அல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்; டிகேஎச் அதன் அலகு) 8–9 டிகேஎச், கால்சியம் 400–450 பிபிஎம், மெக்னீசியம் 1250–1350 பிபிஎம் என்ற அளவில் நின்றாக வேண்டும். எண் சரியாக இருப்பதைவிட அது ஆடாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். நேற்று 9, இன்று 7 என்று அல்கலினிட்டி ஆடினால் அக்ரோபோரா நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கிவிடும்.

முதல் தொட்டிக்குச் சாஃப்ட் பவளமே எளிது என்பார்கள். வளர்ப்பதைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். கிரீன் ஸ்டார் பாலிப், ஜீனியா இரண்டும் பாறை மேல் பாய் விரித்தது போலப் படரும். ஜீனியாவைப் பிய்த்து எடுத்தாலும் பாறையில் மிஞ்சிய துணுக்கு மறுபடியும் தழைக்கும். பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள், ஆனால் மற்ற பாறைகளைத் தொடாமல் மணலில் தனியாக நிற்கும் ஒரு கல்லில் வையுங்கள். ஹேமர் அப்படியல்ல. வைத்த இடத்திலேயே நிற்கும், வேண்டாம் என்றால் கையால் தூக்கி இடம் மாற்றலாம். அதனால் என் ஓட்டு எல்.பி.எஸ்.ஸுக்குத்தான். கூடவே ஒன்றிரண்டு மஷ்ரூம், ஒரு லெதர் இருந்தால் கண்ணுக்கும் நிறைவு.

மூன்றையும் கலக்கலாமா? லெதர் பவளங்கள் டெர்பீன் என்ற ரசாயனங்களைத் தண்ணீரில் கசியவிட்டு அக்கம்பக்கத்துப் பவளங்களை அடக்கும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு அதைக் குறைக்கலாம். பெரிய தொட்டியில் அது போதுமானதாக இருக்கும். சிறிய தொட்டியில் லெதரையும் அக்ரோபோராவையும் ஒன்றாக வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஜோவாந்தஸ் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. அதிலும் அதன் உறவான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து ஒருபோதும் வெந்நீரில் கொதிக்க விடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

ஹேமர், டார்ச்

இரண்டும் பார்க்க ஒரே குடும்பம் போல இருக்கும், அலையில் ஒரே மாதிரி ஆடும். ஹேமரும் அதன் நெருங்கிய உறவான ஃப்ராக்ஸ்பான் பவளமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வாழும். டார்ச் அப்படி விடாது, பக்கத்து ஹேமரைக் கொட்டிக் கருக்கிவிடும். எனவே ஹேமர்களை ஒரு தோட்டமாகச் சேர்த்து வைக்கலாம், டார்ச்சுக்குத் தனி மேடை வேண்டும்.

கேலக்சியா என்ற பவளம் இவற்றையெல்லாம்விட ஆபத்தானது. பகலில் அடக்கமாகத் தெரியும். இரவில் 15 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும் கொட்டும் நூல்களை நீட்டி எட்டிய பவளத்தையெல்லாம் சுடும். பகல் வெளிச்சத்தில் இடைவெளி விட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கைவிளக்கோடு போய்ப் பாருங்கள், எது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தியா, ஹேமரா?

கோமாளி மீன்களில் ஆசெல்லாரிஸுக்கும் மரூனுக்கும் நடுவே பெரிய வாதமே இல்லை. ஆசெல்லாரிஸ் 8–9 சென்டிமீட்டரில் நின்றுவிடும், குணமும் சாது. மரூன் பெண் மீன் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வளரும். அது தன் எல்லைக்குள் வரும் மீனையும் கடிக்கும், உங்கள் கையையும் கடிக்கும். சின்ன ஆசெல்லாரிஸ் இரண்டை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் தாமே மாறி ஜோடி சேர்ந்துகொள்ளும்.

உண்மையான கேள்வி, அவற்றுக்கு வீடாக எதைக் கொடுப்பது என்பதுதான். கோமாளி மீன் என்றால் கடல் சாமந்தி (கொட்டும் கைகள் கொண்ட அனிமோன் என்ற உயிரினம்) வேண்டும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். கடலில் அது உண்மை. தொட்டியில் வேட்டையாட வரும் பெரிய மீன் இல்லாததால், சாமந்தி இல்லாமலே ஆசெல்லாரிஸ் நன்றாக வாழும். சாமந்தி வைத்தால் என்ன ஆகும்? இடம் பிடிக்காவிட்டால் அது நகரும். நகரும் வழியில் உள்ள பவளத்தையெல்லாம் கொட்டும். பம்ப்பில் சிக்கி அரைபட்டால் ஓர் இரவில் தொட்டி முழுவதும் நாறிவிடும். ஹேமர் வைத்தால், அந்த மீன்கள் சில சமயம் அதையே வீடாக எடுத்துக்கொள்ளும். உரசல் தாங்காமல் ஹேமர் சுருங்கினால், தூக்கி வேறு மூலையில் வைத்துவிடலாம். சாமந்திதான் வேண்டும் என்றால் அதற்கே ஒரு தொட்டியை ஒதுக்குவது நல்லது. அதுவும் ஓர் அழகுதான்.

ராயல் கிராமா, ராயல் டாட்டிபேக்

முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் இந்த இரண்டாவது மீன். கிராமா என்று நினைத்து வாங்கினேன். இரண்டுக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். கிராமாவில் ஊதா மெல்லக் கரைந்து புள்ளி புள்ளியாக மஞ்சளாகும், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டும் இருக்கும். டாட்டிபேக்கில் கத்தியால் வெட்டியது போல இரண்டு நிறமும் பிரிந்து நிற்கும், பொட்டு இருக்காது. கிராமா தன் பொந்தின் வாசலில் வாயைத் திறந்து மிரட்டுவதோடு சரி. டாட்டிபேக்கோ தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டி விரட்டிக் கடித்தது. என் தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ் மூன்று நாள் பாறை இடுக்கை விட்டு வெளியே வரவே இல்லை, இரை எடுக்கவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் பாறைகளைப் பிரித்தேன்.

சிக்ஸ்லைன் ராஸ், ஃபேரி ராஸ் இரண்டிலும் இதே கதைதான். சிக்ஸ்லைன் தட்டைப்புழுக்களைத் தின்னும் என்பதற்காக வாங்குவார்கள். வளர வளர அது தொட்டியின் ரவுடி ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபேரி ராஸ் சாது, பவளத்தையும் தொடாது. அதன் ஒரே குறை துள்ளிக் குதிப்பது. ஒரு வலை மூடி போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. சிக்ஸ்லைனின் குணத்துக்கு மூடி எதுவும் கிடையாது.

டேங், குள்ள ஏஞ்சல்

யெல்லோ டேங் 20 சென்டிமீட்டர் வரை வளரும். நாள் முழுக்க நீந்தும், எனவே நான்கு அடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை போகும், வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவை அதற்குப் போதாது. சிறிய தொட்டியில் பாசி மேய ஆள் வேண்டுமென்றால் டெயில்ஸ்பாட் பிளென்னி போதும். யெல்லோ டேங்கை ஹவாயில் 2015-ல் முதல்முறையாகப் பண்ணையில் வளர்த்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டு ஃப்ளோரிடாவில் ப்ளூ டேங்கும் வந்தது. பண்ணையில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே எடுங்கள். கடலில் பிடித்த மீனைவிட அது இரைக்கு எளிதில் பழகும், பவளத்திட்டிலிருந்து ஒரு மீன் குறையவும் வேண்டாம்.

ஃப்ளேம் ஏஞ்சல், கோரல் பியூட்டி போன்ற குள்ள ஏஞ்சல்களை முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஒன்று ஆண்டுக்கணக்கில் பவளத்தைத் தொடாது, அதே இனத்தில் இன்னொன்று முதல் வாரமே சதைப்பற்றுள்ள எல்.பி.எஸ்.ஸைக் கொத்தும். கொத்தினால் பிடித்து வெளியே எடுக்க வேண்டும், அதாவது மறுபடியும் பாறைகளைப் பிரிக்க வேண்டும். எல்.பி.எஸ். தொட்டியில் எனக்கு அது வேண்டாம். பட்டாம்பூச்சி மீன்களில் பெரும்பாலானவை பவளத்தைத் தின்பவை என்பதால் பேச்சே வேண்டாம். மாண்டரின் மீன் கோபிபாட் என்ற உயிருள்ள மிகச் சிறிய ஓட்டுயிர்களை நம்பி வாழ்வது, புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும்.

நேரடியாக விடுவதா, தனித்தொட்டியா?

ஒரே ஒரு மீன் வெண்புள்ளி நோயைக் கொண்டுவந்தால் மருந்தைத் தொட்டியில் ஊற்ற வழியில்லை. அந்த நோய்க்கான செம்பு மருந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். எல்லா மீன்களையும் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றி, நோய்க்கிருமி மீன் கிடைக்காமல் சாகும்வரை பெரிய தொட்டியைச் சுமார் 76 நாள் மீன் இல்லாமல் விட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் புதிய மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது சின்ன வேலை.

200 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் டெயில்ஸ்பாட் பிளென்னி, அடுத்து ராயல் கிராமா, அப்புறம் ஒரு ஃபேரி ராஸ், கடைசியில் ஆசெல்லாரிஸ் ஜோடி. எல்லை பிடிக்கும் மீன் கடைசியில் வந்தால் மற்றவை தங்கள் பொந்துகளில் ஏற்கெனவே குடியேறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று, நான்கு வாரமாவது போகட்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று தகராறு செய்தால் பாறைகளைத் தொடாதீர்கள். ஓர் அக்ரிலிக் பொறிப்பெட்டியைக் கதவு திறந்தபடி தொட்டிக்குள் வைத்து, நான்கைந்து நாள் இரையை அதற்குள்ளேயே போடுங்கள். அந்த மீன் தானாக உள்ளே போய்ப் பழகிவிடும், பிறகு கதவை இறக்கினால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது தெரியவில்லை.