மெர்லின் செயலி: வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு

பறவைகளை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எல்லாரும் காட்டுக்குப் போய்வந்து எழுதியவர்கள். நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம், என் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார், நானும் மனைவியும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். அக்டோபர் பிறந்தால் வடக்கே குளிர் தொடங்கிப் பறவைகள் இறங்கி வரும், மார்ச் வரை இங்கேதான். நம் ஊரில் குளிர்காலம் ஏது, அவற்றின் குளிர்காலம்தான் எங்களுக்கு சீசன். அந்த சீசனில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக வேண்டுமென்றால் கொழுந்தியாள் சுங்கைப் பட்டாணியிலிருந்து வர வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அவளுக்கு வேறு வேலை இல்லாமல் இருந்தால்.

சரி, செயலிக்கு வருவோம். அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் 2014இல் வெளியிட்டது. பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. பறவையின் அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பெயர் சொல்லும்; படம் கொடுத்தாலும் சொல்லும். எனக்கு இந்த இரண்டும் பெரிய விஷயமாகப் படவில்லை. 2021இல் சேர்த்தார்களே, சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்வது, இந்த விமர்சனமே அதற்காகத்தான்.

ஏனென்றால் பறவை பார்ப்பதற்குக் கண்ணும் கையும் வேண்டும், நோயாளியைப் பார்ப்பதற்கும் அதே கண்ணும் கையும்தான் வேண்டும். அத்தைக்குக் கஞ்சி ஊட்டும்போது பைனாகுலரைத் தூக்க முடியுமா? ஒரு வாய் விழுங்கினாரா, புரை ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி. ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. கைப்பேசியை ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒலிப்பதிவை அழுத்திவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். திரையில் சத்தம் கோடு கோடாக ஓடும், பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும், அதே பறவை மறுபடி கத்தினால் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் தையல்சிட்டு, கொண்டைக்குருவி, குயில், அப்புறம் எங்கள் மாமரத்துக்கு ஒவ்வொரு சீசனும் வரும் கீச்சான். பெயரைத் தொட்டால் மாதிரி ஒலிப்பதிவுகள் வரும், நாம் கேட்டதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒப்பிடாமல் விடாதீர்கள். செயலி சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாலோ காதாலோ நீங்களும் உறுதி செய்யுங்கள் என்பதுதான் செய்தவர்கள் சொல்லும் அறிவுரையும். உலகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன, அத்தனையின் குரலும் இதற்குத் தெரியாது.

படுத்தே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும், தெரியும்தானே. நடுராத்திரி முறை பெரும்பாலும் என்னுடையது. அந்த நேரத்தில் வெளியே யாரோ பலகையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தை அதைக் கேட்டுப் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு ராத்திரி மெர்லினைப் போட்டேன், இராப்பக்கி என்று காட்டியது. படத்தைக் காட்டினேன். இவ்வளவு சின்னப் பறவையா என்பது போல முகத்தைச் சுளித்தார். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கை பிடிப்பது மட்டும் குறைந்திருக்கிறது.

ஒரு வேடிக்கை. பகலில் டிவியில் சீரியல் ஓடும்போது பதிவு போட்டுவிட்டேன், பட்டியலில் மயில் வந்து நின்றது, பக்கத்தில் அபூர்வம் என்று காட்டும் சிவப்புப் புள்ளி வேறு. பினாங்கில் மயிலா என்று வாசல் வரைக்கும் ஓடினாள் என் மனைவி. சீரியலில் கிராமத்துக் காட்சி. செயலி சொன்னதில் தப்பே இல்லை, மயில்தான் அகவியது. டிவியை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இனி, இது உதவாத இடம். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய இடம் தெலுக் ஆயர் தாவார், அங்கிருந்து வடக்கே கோல மூடா வரைக்கும் சேற்றுக் கடற்கரை. உள்ளான், கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த அலகுள்ள கரைப்பறவை), பவளக்காலி என்று கூட்டம் கூட்டமாக இறங்கும், உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துபோன நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கே வருவதுண்டு. இங்கே மெர்லினை நீட்டிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. பறவைகள் தூரத்தில், பாதி நேரம் வாயே திறக்காது, கடற்காற்று வேறு, பக்கத்தில் விமானப்படைத் தளம். இந்த இடத்துக்குப் பைனாகுலர் வேண்டும், தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் சரியாக இருக்க வேண்டும்: நீர் வற்றியிருந்தால் பறவைகள் சேற்றின் மறுகோடியில் புள்ளியாகத் தெரியும், நீர் ஏற ஏறத்தான் கரைப் பக்கம் ஒதுங்கும். கடலுக்கு அத்தையின் மருந்து நேரம் தெரியாது, கொழுந்தியாளுடைய ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. மூன்றும் ஒத்துவரும் நாள் ஒரு சீசனில் அபூர்வம். அதனால் ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். மனைவி கடற்கரையிலிருந்து மங்கலான படங்களை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவாள், நான் வீட்டு ஜன்னலில் பதிவான சத்தத்தை அனுப்புவேன். சேர்ந்து பறவை பார்ப்பது என்றால் எங்களுக்கு இப்போது இதுதான், அதிலும் அவள் அனுப்பும் உள்ளான் படத்துக்குப் பெயர் வைப்பதில் எங்களுக்குள் நடக்கும் சண்டை நேரில் நின்று போட்டதை விடப் பெரிசு.

போடுவதற்கு முன்னால் சில விஷயம். நம் பகுதிக்கான பறவைப் பொதியை வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் இணையம் இல்லாமலேயே வேலை செய்யும். பழைய கைப்பேசி என்றால் உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீளமாகப் பதிவு போட்டால் பேட்டரி இறங்கும், சார்ஜரோடு வைத்துவிடுங்கள். ராத்திரியில் திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் நோயாளி தூக்கம் கெடாது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்டு, இந்த சீசனும் போச்சே என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஐந்தே கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பதிவுகள் கைப்பேசியில் சேமிக்கப்படும், குருவி சத்தத்தோடு வீட்டுப் பேச்சும் சேர்த்து. பம்பர்ஸ் யார் வாங்குவது, அண்ணன் ஏன் இந்த மாசம் பணம் அனுப்பவில்லை என்பதெல்லாம் கணீரென்று கேட்கும். யாருக்காவது அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள்.