பிப்ரவரி இரவுகளுக்கு ஒரு நாய்க் காலர் கருவி: கார்மின் ஆல்ஃபா 200i

அமெரிக்காவின் கென்டக்கியில் ரக்கூன் (மரமேறும் சிறு காட்டு விலங்கு) வேட்டைக்கு நாய் வளர்ப்பவர்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்தே வயிற்றில் புளி கரையும். ரக்கூன்கள் இணை சேரும் காலம் அது. இலையுதிர் காலத்தில் சோளக்காட்டு ஓரமாக மேய்ந்துவிட்டுப் பக்கத்து மரத்தில் ஏறிவிடும் கடுவன், இப்போது பெட்டையைத் தேடிப் பொந்து பொந்தாக வெகுதூரம் அலையும். அதன் தடத்தைப் பிடித்த நாய் ஓடை, வேலி, தார் ரோடு எதையும் பார்க்காது.

என் ட்ரீயிங் வாக்கர் இன வேட்டைநாயின் கழுத்தில் டிடி 15எக்ஸ் என்ற ஜிபிஎஸ் காலர், என் கையில் அதைப் பின்தொடரும் ஆல்ஃபா 200i கைக்கருவி. 2.5 விநாடிக்கு ஒருமுறை நாயின் இடம் வரைபடத்தில் நகரும். ஓடுகிறதா, நிற்கிறதா, ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் அண்ணாந்து குரைக்கிறதா என்பதையும் காட்டும். போன மாதம் என் நாய் ஓடிய கோடு நேராக நெடுஞ்சாலையை நோக்கிப் போனது. காலரில் ஒலி எழுப்பும் டோன் பட்டனை அழுத்தினேன். கோடு ஒரு கணம் நின்று, வளைந்து, என் பக்கம் திரும்பியது. அந்த ஒரு வளைவுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது எனக்கு. ஆனால் டோன் கேட்டால் திரும்பிவர நாயை முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்.

9 மைல் தூரம் எட்டும் என்பது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் மேடு வந்தால் குறையும். உயரமான இடத்தில் ஏறி நின்று பாருங்கள். செல்போன் எடுக்காத காட்டில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம், அதற்குத் தனிச் சந்தா.

இந்தப் பருவத்தில் நான் சுடுவதில்லை. சினை சுமார் 63 நாள், மரத்தில் இருப்பது சினைப்பெட்டையாகவும் இருக்கலாம். விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். அப்புறம் காது, முகம், கால் எல்லாம் தடவிக் கடிகாயம் தேடுவேன். ரக்கூன் கடித்த நாய்க்கு ஓரிரு வாரம் கழித்துப் பின்னங்கால்கள் தளர்ந்து பக்கவாதம் வருவதுண்டு. அதைக் காலர் காட்டாது. வெறிநோய்த் தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள்.

விலை அதிகம்தான். ஆனாலும் இருக்கிற ஒரே நாயை இரவில் அவிழ்த்துவிடுகிறவருக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கைக்கருவிக்கு இன்னொன்றை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.