5 கிலோ கோகோபீட் கட்டி: மல்லித் தொட்டிக்கு வாங்கலாமா?

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம் கவாத்து. தொட்டி மண்ணை மாற்றவும் அதுதான் தோதான நேரம். மண் கலவைக்காக நர்சரிகளில் விற்கும் 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) கட்டியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் கழுவாமல் தொட்டியில் போடவே கூடாது.

ஒரு கட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அரை மணி நேரத்தில் ஊதி 65, 70 லிட்டர் தூளாகிவிடும். கீழே சொல்லும் கலவைக்கு, 15 அங்குலத் தொட்டிகள் எட்டு ஒன்பதுக்குத் தாராளமாக வரும். 650 கிராம் சிறு கட்டிகளில் லிட்டர் கணக்குப் பார்த்தால் விலை கூடுதல். நாற்றுத் தட்டுக்கு மட்டும் அது போதும்.

வாங்கும்போது உறையில் 'லோ இ.சி.' (உப்பு குறைவு) அல்லது 'வாஷ்டு' (கழுவியது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தென்னை நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இயல்பாகவே உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். கழுவாத தூளில் வைத்த செடியின் இலை ஓரம் கருகும், துளிர் வெளுக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போட்டால் கருகல் கூடத்தான் செய்யும்.

முதலில் பிழியும் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் வரும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தால் நிறம் வெளிறும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, வாட்டர் பியூரிஃபையருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரால், ஊற்றிய தண்ணீரையும் பிழிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 250க்கு மேல் இருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் கழுவுவது நல்லது.

தளர்ந்திருக்கும் உப்புதான் இப்படிப் போகும். தூளோடு ஒட்டிய சோடியம் போக, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, தூளை ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இந்த வேலையை விட்டால், பிறகு நாம் போடும் உரத்திலுள்ள கால்சியத்தைத் தூளே பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜாவில் அந்தக் குறை சீக்கிரம் தெரியும்.

மல்லிக்கும் ரோஜாவுக்கும் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டி கனம் குறையட்டும் என்று கோகோபீட்டைக் கூட்டினால் காற்றுக்குத் தொட்டி சாயும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். மேல்பரப்பு வெளிர் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டால் உள்ளே சில்லென்று ஈரம் சொதசொதக்கும். மேலே பார்த்துத் தினமும் ஊற்றியே பலர் மல்லி வேரை அழுக விடுகிறார்கள். விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

கோகோபீட்டில் செடிக்கான சத்து மிகக் குறைவு. அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தொழு உரப் பங்கைக் குறைக்கக் கூடாது.

இந்தக் கட்டி முழு மதிப்பெண் வாங்குவது நாற்றுத் தட்டில்தான். கழுவிய தூளும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து செண்டுமல்லி விதையைத் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். செவ்வந்திப் பக்கக்கன்றும் சுலபமாக வேர் பிடிக்கும். பிடுங்கி நடும்போது வேர் அறாமல் பூப்போலக் கழன்று வரும்.