புதைந்த எரிவாயுக் குழாய்: உள்ளே பிக் விடுவதா, மேலே நடந்து அளப்பதா?

மண்ணுக்குள் கிடக்கும் எரிவாயுக் குழாயில் அரிப்பு பார்க்கப் பிரதானமாக இரண்டு வழி. ஒன்று, குழாய்க்குள் ஸ்மார்ட் பிக் விடுவது; அதாவது வாயு தள்ளிக்கொண்டுபோக, சுவரை அளந்தபடியே உள்ளே ஓடும் கருவி. மற்றது, தடத்தின் மேலேயே நடந்து மின்னழுத்தம் அளப்பது. ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்று பலர் நினைப்பதுதான் எனக்குக் கவலை. பிக் சொல்வது எஃகு எவ்வளவு மிச்சம் என்பதை. நடந்து அளப்பது சொல்வது, எஃகு அரிக்காமலிருக்கக் காவலாகக் குழாய்க்குச் செலுத்தும் மின்னோட்டம் வேலை செய்கிறதா என்பதை மட்டும்.

நடக்கிற முறையில், குழாயோடு மின்னிணைப்புள்ள சோதனைக் கம்பத்தில் கட்டிய மெல்லிய செம்புக் கம்பி பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். செம்பு சல்பேட் நிரப்பிய இரண்டு கோல்களை மாற்றி மாற்றி மண்ணில் ஊன்றி, மீட்டருக்கு ஒன்று வீதம் அளவெடுத்துக்கொண்டே போவார்கள். பாதுகாப்பு மின்னோட்டத்தை விட்டுவிட்டு நிறுத்தி, நிறுத்திய கணத்தின் அளவைத்தான் நம்ப வேண்டும். அது மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தொட்டாலோ, இன்னும் எதிர்மமாக இருந்தாலோ சரி. வாயு ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. பிக் நுழையாத பழைய குழாய்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி.

ஆனால் குழாயின் உள்பக்கம் இதற்குத் தெரியவே தெரியாது. 2000 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 30 அங்குலக் குழாய் வெடித்து, ஆற்றோரம் கூடாரமிட்டிருந்த 12 பேர் இறந்தார்கள். காரணம் உள்பக்க அரிப்பு. வெடித்த பகுதியில் பிக் போக வழியில்லை. அந்த 12 பேரை நினைக்காமல் என்னால் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிவதில்லை.

ஸ்மார்ட் பிக்கின் காந்தங்கள் குழாய்ச் சுவரைக் காந்தப்புலத்தால் நிறைக்கும். உலோகம் குறைந்த இடத்தில் புலம் வெளியே கசியும். சென்சார் அதைப் பிடிக்கும். அதற்கு முன் துப்புரவு பிக் போக வேண்டும். அது கறுப்புப் பொடியைத் தள்ளிக்கொண்டு வரும். அதில் இரும்பு சல்பைடு இருந்தால் காற்றுப் பட்டுத் தானே தீப்பிடிக்கும் என்பதால் பிக்கை வெளியே எடுக்கும் முனையின் கதவைத் திறக்கும்போதே நனைத்துவைப்பார்கள். வாயு வேகமாக ஓடினால் பதிவு கெட்டுவிடும், எனவே ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். குழியின் ஆழத்தைச் சுவர்த் தடிமனில் 10 சதவீதம் முன்பின்னாகச் சொல்லும். குழாயின் நீளவாக்கில் ஓடும் நுண்விரிசல் இதன் கண்ணில் எளிதில் படாது; அதற்கு மின்காந்த ஒலியலை பிக் வேண்டும்.

தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. இன்று உடையக்கூடியதை உடைத்துக் காட்டிவிடும். தப்பிய குழி எவ்வளவு ஆழம் என்று சொல்லாது.

பிக் போகும் குழாய் என்றால் நான் தயங்காமல் அதைத்தான் முதலில் விடச் சொல்வேன். பிறகு இரண்டு பதிவுகளையும் மீட்டர் மீட்டராக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். பிக் வெளிப்பக்க அரிப்பு காட்டுகிறது, மேலே எடுத்த மின்னழுத்தமோ நன்றாக இருக்கிறது என்றால், அங்கே மேல்சுற்றிய பிளாஸ்டிக் டேப் எஃகைவிட்டுப் பிரிந்து, இடுக்கில் நீர் கோத்து, மின்னோட்டம் உள்ளே போகாமல் மறைத்திருக்கக்கூடும். அப்படி முரண்படும் இடத்தில் தோண்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.